ஏபிஸ் காளை, க்னூம் கடா, பொன் கன்று: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

புனித நாட்டுப் பயணம் போகிற நம் ஆட்கள் பெரும்பாலும் கெய்ரோவில் பிரமிடைப் பார்த்துவிட்டு நேராக சீனாய்க்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். சக்காராவில் இருக்கும் செராப்பியத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பழைய எகிப்தியர் தெய்வமாகவே கும்பிட்ட மெம்பிஸ் நகரத்து ஏபிஸ் காளைகளைப் புதைத்த சுரங்கம் அது, 1851-இல் மரியெட் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்து உள்ளே போனார். நடைபாதையின் இருபக்கமும் அறைகள், அறைக்கு ஒரு கற்பெட்டி, மூடியோடு சேர்த்து 60 டன்னுக்கு மேல் வரும். கீழே இறங்கி நின்றால் பெட்டியின் விளிம்பு நம் தலைக்கு மேலே போகிறது, கல்லை அப்படி இழைத்திருக்கிறார்கள், டார்ச் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி வருகிறது. ஒரு பெட்டி மட்டும் தன் அறைக்குப் போய்ச் சேராமல் பாதையிலேயே நிற்கிறது.

இந்தப் பெரிய பெட்டிகள், பைபிளில் இஸ்ரவேலரை எகிப்திலிருந்து அழைத்து வந்த மோசேயின் காலத்துக்கு மிகவும் பிந்தியவை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் காளையை அரச மரியாதையோடு அடக்கம் செய்வது எகிப்து அரசன் மூன்றாம் அமென்ஹோதெப் காலத்திலேயே அங்கே உண்டு. ஒரு ஏபிஸ் செத்தால் நாடே துக்கம் கொண்டாடும், அப்புறம் நெற்றியில் வெள்ளை அடையாளம் உள்ள கறுப்புக் கன்றைத் தேடி அலைவார்கள், கிடைத்ததும் திருவிழாதான். மலைமேல் போன மோசேயைக் காணோம் என்றதும் ஜனங்கள் அவர் அண்ணன் ஆரோனிடம் போய்ப் பொன் கன்றைச் செய்வித்து ஏன் அதன் முன்னால் ஆடினார்கள் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. நாம் பிரசங்கத்தில் அவர்களை மூடர்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் பிறந்து வளர்ந்த ஊரில் தெய்வம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தொழுவத்தில் நின்றது.

---

அண்ணா, நாங்கள் சக்காரா போகவில்லை, அஸ்வான் போனோம். அங்கே நைல் நடுவே எலிபென்டைன் தீவு, படகில் கொஞ்ச நேரம்தான். ஆட்டுத்தலை கொண்ட க்னூம் தெய்வத்தின் கோவில் இருந்த இடம், கடாக்களையே பதப்படுத்திப் பொன்முலாம் பூசி வைத்திருக்கிறார்கள், அஸ்வான் நூபியா அருங்காட்சியகத்தில் ஒன்றைப் பார்த்தேன், கொம்பு முதல் முகம் வரை தங்க நிறம். அந்தக் கோவிலுக்குப் பக்கத்துத் தெருவிலேயே யூதப் படைவீரர்கள் குடும்பத்தோடு வாழ்ந்து, தங்கள் கடவுளுக்கென்று தனிக் கோவிலும் வைத்திருந்தார்கள் என்று அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரியும்! கி.மு. 410-இல் க்னூம் பூசாரிகள் பாரசீக அதிகாரியைக் கையில் போட்டுக்கொண்டு அதை இடித்துத் தள்ளினார்கள். யூதர்கள் ஆடு பலியிட்டதுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் பலர் நினைக்கிறார்கள், அரசியல் என்பவர்களும் உண்டு. எனக்கு முதல் கட்சிதான் சரி என்று படுகிறது, ஏனென்றால் திரும்பக் கட்ட அனுமதி கேட்டபோது அந்த யூதர்களே, ஆடுமாடு பலியிட மாட்டோம், தூபமும் தானியமும் போதும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பைபிளில் யாத்திராகமம் 8-இல் மோசே பார்வோனிடம், இவர்கள் கண்ணெதிரே பலியிட்டால் எங்களைக் கல்லெறிவார்களே என்று சொல்வது சாக்கு இல்லை, நிஜமான பயம்.

---

அக்கா சொன்னது அருமை. ஆனால் பொன் கன்று முழுக்க எகிப்துச் சரக்கு என்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் அஸ்கலோன் கன்றைப் பாருங்கள், 1990-இல் தோண்டி எடுத்தது, வெண்கலத்தின் மேல் வெள்ளித் தகடு, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், சின்ன மண் கூண்டுக்குள் வைத்திருந்திருக்கிறார்கள். அது இஸ்ரவேலருக்கு முன் அந்த நாட்டில் வாழ்ந்த கானானியருடையது, மோசே காலத்துக்கும் முந்தியது. காளையைத் தங்கள் தெய்வங்களான பாகாலோடும் ஏலோடும் சேர்த்துக் கும்பிட்ட ஊர் அது. பிற்பாடு வட இஸ்ரவேலின் அரசனான யெரொபெயாம் எகிப்து அரசன் சீஷாக்கிடம் அடைக்கலமாக எகிப்தில் இருந்துவிட்டு வந்துதான் பெத்தேலிலும் தாணிலும் கன்றுகளை வைத்தான் என்பதும் உண்மைதான், ஆனால் எகிப்தில் பார்த்ததைவிடத் தன் ஜனங்களுக்கு எது பழக்கம் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். தாணில் அந்தக் காலத்துக் கல்மேடை இருக்கிறது, பலிபீடம் நின்ற இடத்தில் இரும்புச் சட்டம் போட்டு அளவு காட்டியிருக்கிறார்கள். வடக்கே போகிறவர்கள் வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பல பயணத் திட்டங்களில் தாண் இருக்காது.