வீடு மாறினேன், இடுப்பும் மாறியது

(நான்கு பேர் மாறி மாறி எழுதியது. ஒவ்வொரு பகுதிக்கு மேலும் எழுதியவரின் புனைபெயர்.)

நடைபாதி

வீடு மாறி 14 மாதம் ஆகிறது. எடை 7 கிலோ ஏறியிருக்கிறது. சாப்பாடு அதே, வேலை அதே. வயதாகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள் பழைய போனைத் திறந்தபோது, காலடி எண்ணும் செயலியில் பழைய கணக்கு அப்படியே இருந்தது. முந்தைய வீட்டில் இருந்தவரை சாதாரண நாளில்கூட 8,000 அடிக்குக் குறையவில்லை. இப்போது 3,000 தாண்டினாலே அதிசயம்.

இத்தனைக்கும் அப்போது உடற்பயிற்சி என்று நான் எதுவுமே செய்ததில்லை. பேருந்து நிறுத்தத்துக்கு 9 நிமிடம், இறங்கி அலுவலகத்துக்கு 6 நிமிடம். மருந்துக் கடையும் முடிவெட்டும் கடையும் போகிற வழியிலேயே இருந்தன. புது வீடு பெரியது, நகரைச் சுற்றிப் போகும் அகலச் சாலையை ஒட்டியது. லிஃப்டில் இறங்கினால் நேரே கார். காரில் இறங்கினால் நேரே அலுவலக லிஃப்ட். தெருவில் கால் படாமலே ஒரு வாரம் ஓடிவிடும்.

எதிர்ச் சாரியில் ஒரு கடை இருக்கிறது. பால்கனியில் நின்றால் பெயர்ப்பலகையைப் படிக்கலாம், 150 மீட்டர்கூட இருக்காது. ஒரு நாள் நடந்தே போய்ப் பார்த்தேன். நடைபாதை முழங்கால் உயரம். ஒவ்வொரு கேட்டுக்கும் அதை வெட்டிச் சரித்திருக்கிறார்கள், ஆகவே ஏறி இறங்கி, ஏறி இறங்கித்தான் போக வேண்டும். நடுவில் ஒரு மின்பெட்டி வழியை அடைத்து நிற்கிறது. சாலையில் இறங்கினால் பின்னாலிருந்து ஹாரன். நடுவே தடுப்புச் சுவர், அதைக் கடக்கும் இடைவெளி 700 மீட்டர் தள்ளி. போய் வர 40 நிமிடம் ஆனது. மறுநாளிலிருந்து கார்தான். (காரும் அதே இடைவெளியில்தான் திரும்ப வேண்டும். சிரிக்காதீர்கள்.)

மருத்துவர் "தினமும் முக்கால் மணி நேரம் நடங்கள்" என்றார். எங்கே நடப்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நாலாவது மாடி

உங்களுக்கு நடைபாதை என்றால் எனக்குப் படிக்கட்டு. பழைய அலுவலகத்தில் படிக்கட்டு எங்கே இருந்தது என்றே முதல் ஆறு மாதம் தெரியாது. லிஃப்டுக்குப் பின்னால் கனமான இரும்புக் கதவு, உள்ளே கண்சிமிட்டும் ஒரு டியூப்லைட், கைப்பிடியில் விரல் தடம் பதியும் அளவுக்குத் தூசி. புதிய கட்டடத்தில் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவதே படிக்கட்டுதான், பக்கத்தில் பெரிய ஜன்னல். லிஃப்டைத் தேடித்தான் போக வேண்டும். எந்தச் சபதமும் எடுக்காமல் தினமும் ஐந்தாறு முறை ஏறுகிறேன்.

லண்டன் மாடிப் பேருந்து ஆய்வை நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளரின் குழு 1953-ல் வெளியிட்டது. ஓட்டுநர்கள் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள், நடத்துநர்கள் தினம் சுமார் 600 படி ஏறினார்கள். இதய நோய் ஓட்டுநர்களுக்கே அதிகம். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு அவர் செய்த வேலை: சீருடைக் கணக்கை எடுத்து காற்சட்டை இடுப்பளவைப் பார்த்தார். ஓட்டுநர்களுடையதுதான் பெரிது. ஒரே பேருந்து, ஒரே பாதை, உள்ளே யாருக்கு எந்த இடம் என்பதுதான் வித்தியாசம்.

இரவுப்பணி

வீட்டிலிருந்து பூங்கா 5 நிமிட நடை. வரைபடத்தில் பார்த்தால் பாக்கியசாலி நான். ஆனால் நான் வேலை முடித்து வரும்போது பூங்கா பூட்டியிருக்கும், வழியில் இரண்டு விளக்குக் கம்பங்கள் எரியாது. என் கணவர் அதே வழியில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டு வருவார். நான் கீழ்த்தளத்துக் கார் நிறுத்துமிடத்தில் தூண்களைச் சுற்றிக்கொண்டிருப்பேன். காவலாளி முதல் வாரம் "அம்மா, எதையாவது தொலைத்துவிட்டீர்களா?" என்று கேட்டார்.

111 நாடுகளில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் போன்களில் பதிவான காலடிகளை வைத்து 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. அதில் 69 அமெரிக்க நகரங்களைத் தனியாக ஒப்பிட்டார்கள். நடக்க வசதியான நகரங்களில் எல்லாருமே கூடுதலாக நடந்தார்கள், அதிலும் பெண்களிடம்தான் ஏற்றம் அதிகம். எனக்கு ஆச்சரியமே இல்லை. தூண் எண் 17-ஐக் கேட்டால் அது சொல்லும்.

நம்பாதவன்

எல்லாம் சரி, ஆனால் ஒரு இடறல். நடக்கப் பிடித்தவர்கள் நடக்க வசதியான பகுதியாகப் பார்த்துக் குடியேறுவார்கள் இல்லையா? அப்புறம் தெருவுக்கு எதற்குப் பாராட்டு? மோரிஸின் ஓட்டுநர்களைப் பற்றியும் இந்தச் சந்தேகம் எழுந்தது: வேலையில் சேரும்போதே இடுப்பு பெரிதாக இருந்திருந்தால்? என் கதையையும் கேளுங்கள். நான் இருக்கும் தெருவில் எல்லாமே கைக்கெட்டும் தூரம். நொறுக்குத் தீனிக் கடைகளும்தான். தினமும் நடக்கிறேன், பெரும்பாலும் அங்கேதான். தொப்பை ஒழுங்காக வளர்கிறது.

நான் ஓரளவு நம்பும் ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்க அரசு 1994 முதல் 1998 வரை ஐந்து நகரங்களில், மிக வறுமையான பகுதிகளின் பொதுக் குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தது. ஒரு பிரிவுக்கு வறுமை குறைந்த பகுதியில் வாடகைக்குப் போக உதவித்தொகை. ஆய்வில் மொத்தம் 4,498 பெண்கள். 10 முதல் 15 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அந்த உதவி கிடைத்த பிரிவில் கடுமையான உடல் பருமனும் நீரிழிவும் குறைவாக இருந்தன. குலுக்கல் என்பதால் "பிடித்தவர்கள் போனார்கள்" என்ற வாதம் இங்கே எடுபடாது. ஆனால் உதவியது நடைபாதையா, கடையா, பயம் குறைந்ததா? அதை அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நடைபாதி

நம்பாதவன் சொன்னது என்னையும் உறுத்தியது. ஆனால் நான் நடக்கப் பிடிக்காமல் இங்கே வரவில்லை, ஒரு அறை கூடுதலாக வேண்டும் என்றுதான் வந்தேன். கால்களைப் பற்றி யோசிக்கவே இல்லை.

இப்போதைக்கு வாரம் மூன்று நாள் காரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பேருந்தில் போகிறேன். அந்த நாட்களில் 6,500 அடி வருகிறது. நேரமும் கூடுதலாக 50 நிமிடம் போகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். தடுப்புச் சுவரில் இடைவெளி கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். அளவுகளோடு கொடுங்கள் என்றார்கள். சனிக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். நடைபாதையில் மின்பெட்டிக்கும் ஓரத்து மதிலுக்கும் நடுவே 38 செ.மீ. வீடு மாறிய புதிதில் அதில் நேராக நுழைந்திருப்பேனோ என்னவோ, அன்றைக்குப் பக்கவாட்டில் திரும்பித்தான் போக முடிந்தது.