‘கண்ணாடிச் செப்பு’: பழைய விளையாட்டுக் கலங்களுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்பும் அமெரிக்கக் கண்ணாடி ஆலைகள் சிறுமிகள் விளையாடுவதற்கென்றே வார்த்த சிறு மேசைக் கலங்களைக் குறிக்க, கலைச்சொல் தொகுப்புக்கான இந்த இழையில் ‘சிறார் கண்ணாடிக் கலம்’, ‘சிற்றளவுக் கண்ணாடிப் பாத்திரம்’ என்னும் இரண்டு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. முதற்சொல் குழந்தை மெய்யாகவே பால் குடிக்கும் குவளையையும் சேர்த்துக்கொள்கிறது. இரண்டாவது சொல்லில் அளவு மட்டுமே இருக்கிறது; விளையாட்டு இல்லை. சேகரிப்போருக்கு அளவைவிட விளையாட்டே அடிப்படை என்பதால், ‘கண்ணாடிச் செப்பு’ என்னும் சொல்லை முன்மொழிகிறேன். பேச்சில் சொப்பு என்று வழங்கும் அதே சொல்தான்.

செப்பு என்றால் செம்பு என்னும் உலோகத்தோடு மயங்கும் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். செப்பேடு, செப்புக்காசு என முன்னே நிற்கும்போதுதான் அச்சொல் உலோகத்தைக் குறிக்கிறது. மரச்செப்பு என்று பின்னே வரும்போது எவரும் செம்பை நினைப்பதில்லை. கண்ணாடிச் செப்பிலும் அது பின்னேதான் நிற்கிறது.

சிறியதெல்லாம் செப்பு ஆகாது என்பதற்குச் சேகரிப்பிலேயே சான்றுகள் உண்டு. ஏறத்தாழ மூன்று அங்குல அகலமுள்ள கிண்ணத்தட்டு பார்வைக்கு விளையாட்டுத் தட்டுப் போலவே இருக்கும். ஆனால் தேநீரைச் சாசரில் ஊற்றிக் குடித்த காலத்தில் ஈரக் கிண்ணத்தை மேசைவிரிப்பில் வைக்காமல் இருப்பதற்காகப் பெரியவர்கள் பயன்படுத்திய பொருள் அது. ஒருவருக்கு ஒன்று என வைக்கப்பட்ட உப்புக் கிண்ணமும் அப்படியே. பெருங்குழப்பம் தருவது கரண்டித்தாங்கி. அக்கால மேசைத் தொகுதியில் வெண்ணெய்க் கலம், சர்க்கரைக் கலம், பாற்கலம் ஆகியவற்றோடு, கரண்டிகளை நிமிர்த்தி வைக்கும் மூடியற்ற கலம் ஒன்றும் நான்காவதாக இருந்தது. அதன் விளையாட்டு வடிவத்தையும் பல்குச்சித் தாங்கியையும் அருகருகே வைத்தால் உயரத்தைக் கொண்டோ வாயின் அகலத்தைக் கொண்டோ பிரித்துச் சொல்வது கடினம். அதே பூவேலையில் மற்ற மூன்று விளையாட்டுக் கலங்களும் வார்க்கப்பட்டனவா என்று பார்ப்பதே நம்பத்தக்க வழி. எனவே வெண்ணெய்ச் செப்பு, சர்க்கரைச் செப்பு, பாற்செப்பு, கரண்டிச் செப்பு என்று நான்கையும் ஒரே பின்னொட்டால் பிணைத்தால், ஒன்றைச் சொல்லும்போதே மற்ற மூன்றும் நினைவுக்கு வரும்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சாண்ட்விச் ஊரில் 1888 வரை இயங்கிய ஆலையின் பழைய செப்புகளுக்குத் தனி அடைமொழி வேண்டும். உருகிய கண்ணாடியைக் கத்தரித்து இரும்பு அச்சில் இட்டு அழுத்தும்போது, குளிர்ந்த அச்சு பட்ட இடத்தில் சுருக்கங்கள் விழும். அவற்றை மறைக்கவே பின்புலம் முழுவதும் நுண்புள்ளிகளை நிரப்பினார்கள். ‘சரிகைக் கண்ணாடி’ என்று ஒருவர் தந்த சொல் இதற்கு மிகவும் பொருந்துகிறது. நான் அதில் கை வைக்கப் போவதில்லை.

அடுத்து மூடி. வெண்ணெய்ச் செப்பிலும் சர்க்கரைச் செப்பிலும் மூடிதான் முதலில் உடையும். வேறொரு செப்பின் மூடியை அடிக்கலத்தின் மேல் வைத்து முழுப்பொருளாக விற்பதும் நடக்கும். இத்தகைய சேர்க்கையைத் திருமணம் என்றே ஆங்கிலத்தில் சேகரிப்போர் சொல்கிறார்கள். நம்மிடம் ‘செப்பின் புணர்ச்சிபோல் கூடினும் கூடாதே’ என்ற குறள் (887) இருக்கிறது. அங்கே செப்பு என்பது மூடியுள்ள சிமிழ்; மூடியும் அடியும் சேர்ந்தே இருந்தாலும் ஒன்றாவதில்லை. பொருள் அச்சாகப் பொருந்தினாலும் ‘புணர்செப்பு’ என்பது இன்றைய காதுக்குக் குழந்தைப் பொருளோடு ஒவ்வாது. ‘ஒட்டுச் செப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம். மூடியின் உள்விளிம்பு அடிக்கலத்தின் படியில் ஆடாமல் அமர்கிறதா, இரண்டின் நிறமும் ஒரே வெளிச்சத்தில் ஒத்துப்போகிறதா என்பவையே ஒட்டைக் காட்டிக்கொடுக்கும்.

பிற்காலத்துப் பொருள்களில் இரண்டைப் பிரித்தாக வேண்டும். பழைய பொருளைப் பார்த்துப் புதிதாகச் செய்தது ‘போலிச் செப்பு’. பழைய தொகுதியில் இல்லவே இல்லாத ஒன்றை அதே பூவேலையில் செய்து சேர்த்துவிடுவது வேறு வகை. ஜெனட் என்னும் அமெரிக்கக் கண்ணாடி நிறுவனம் 1930களில் செர்ரிப்பூ வேலைப்பாட்டில் செய்த சிறுவர் தொகுதியில் நான்கு கிண்ணம், நான்கு சாசர், நான்கு தட்டு, ஒரு பாற்கலம், ஒரு சர்க்கரைக் கலம் எனப் பதினான்கு உருப்படிகளே உண்டு. வெண்ணெய்க் கலம் கிடையாது. 1973இல் அப்படி ஒன்று சந்தைக்கு வந்தது. மூலமே இல்லாததைப் போலி என்று சொல்ல முடியாது. உலகில் இல்லாத பொருளை உவமையாக்கும், அணி இலக்கணத்தின் இல்பொருள் உவமையை ஒட்டி இதற்கு ‘இல்பொருட் செப்பு’ என்று பெயரிடலாம்.

கோலிக்குண்டு செய்து பெயர்பெற்று 1951இல் மூடப்பட்ட அக்ரோ அகேட் நிறுவனத்தின் ஒளிபுகாத, பல நிறம் கலந்த கலங்களைக் ‘கண்ணாடி’ என்றால் படிப்பவர் ஊடுருவும் பொருளை நினைப்பாரே என்ற ஐயம் நியாயமானது. அவற்றிற்கு மட்டும் ‘மங்குகண்ணாடிச் செப்பு’ என்று நீட்டிக்கொள்ளலாம். பொதுச்சொல்லை இதற்காக மாற்ற வேண்டாம். கண்ணாடிக்குப் பதிலாகப் ‘பளிங்குச் செப்பு’ என்பதை நான் ஏற்கவில்லை, ஏனெனில் பளிங்கு இன்று பெரும்பாலும் தரைக்குப் போடும் கல்லாகிவிட்டது.

பாற்செப்பு என்பது பால் நிறக் கண்ணாடியாலான செப்பு என்றும் பொருள்படும் என்பதை அறிவேன். பால் ஊற்றும் செப்புக்கு இந்த மயக்கம் தராத சுருக்கமான சொல் இருப்பவர்கள் தெரிவித்தால், தொகுப்பில் சேர்க்கும் முன் மாற்றிவிடலாம்.