சித்தி வீட்டுச் சுவரில் சிவப்பு எண் போட்டுவிட்டார்கள். எந்தத் திட்டத்தின் பணம் என்று யாரிடம் கேட்பது?

திங்கட்கிழமை ஜெராக்ஸ் (கேள்வி)

மதுரையில் மனு அடித்துக் கொடுக்கிற ஜெராக்ஸ் கடை என்னுடையது. திங்கட்கிழமை என்றால் காலை ஏழு மணிக்கே ஷட்டரைத் தூக்கிவிடுவேன். குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வருகிறவர்கள் வாயால் சொல்லச் சொல்ல அடித்துக் கொடுப்பதுதான் பன்னிரண்டு வருஷமாக என் பிழைப்பு. பட்டா, விதவை உதவித்தொகை, பாதைத் தகராறு, தெருவிளக்கு. "மேற்படி முகவரியில் பல ஆண்டுகளாகக் குடியிருந்து வருகிறோம்" என்ற வரியை எத்தனை பேருக்காக அடித்திருப்பேனோ, கணக்கே இல்லை. போன வாரம் அதே வரியை என் சித்திக்காக அடித்தேன். பாதியில் கை நின்றுவிட்டது.

சித்தி வைகையின் வடகரையில் ஒரு சந்தில் 31 வருஷமாக இருக்கிறார். சித்தப்பா கொத்தனார். வேலை நடக்கிற இடங்களில் மிஞ்சும் செங்கலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து எழுப்பிய வீடு. அவர் போய் ஆறு வருஷமாகிறது. சித்தி சிம்மக்கல் பக்கம் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். விடிகாலையில் கல்பாலம் வழியாக நடந்தே போய்விடுவார், இருபது நிமிஷம்.

போன வெள்ளிக்கிழமை நாலு பேர் வந்தார்கள். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் சிவப்பு பெயின்டில் எண் போட்டார்கள். சித்தி வீடு 27. கதவில் பசை தடவி அரைத் தாள் ஒட்டினார்கள். ஏழு தினங்களுக்குள் காலி செய்ய வேண்டுமாம். சர்வே எண் இல்லை. எந்தச் சட்டப்படி என்று இல்லை. கையெழுத்து இருக்கிறது, அடியில் பெயர் இல்லை. "என்ன விஷயம்?" என்று கேட்டதற்கு, "ஸ்கீம் வந்திருக்கு, ரோடு, நடைபாதை, விளக்கு எல்லாம் வருது" என்றார்கள். எந்த ஸ்கீம் என்றால், "மேலே கேளுங்க."

நான் ஒப்பந்தக்காரர்களுக்கும் பில் அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு சாலை வேலைக்கு ஜல்லி எத்தனை கன மீட்டர், விளக்குக் கம்பம் எத்தனை, பெயர்ப்பலகைக்கு எவ்வளவு என்று ஒன்று விடாமல் மதிப்பீட்டில் இருக்கும். அங்கே குடியிருக்கிறவர்களை எங்கே வைப்பது என்பதற்கு அதில் ஒரு வரியாவது எழுதியிருப்பார்களா? எழுதியிருந்தால் எவ்வளவு, யார் கையில் இருக்கிறது? எழுதவில்லை என்றால் அதைச் சொல்ல வேண்டியது யார்? இதை எப்படிக் கேட்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சங்கிலியும் கல்லும் (பதில்)

தம்பி, நான் நில அளவையில் இருந்து ஓய்வு பெற்றவன். பணம் எங்கிருந்து வந்தது என்பது இருக்கட்டும், இடம் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். நகரத்துக்குள் கிராமத்து நிலக் கணக்கான அ-பதிவேடு செல்லாது. டி.எஸ்.எல்.ஆர். என்கிற நகர நில அளவைப் பதிவேடுதான். வார்டு, பிளாக், டி.எஸ். எண் மூன்றும் வேண்டும். அந்த எண்ணுக்கு எதிரே என்ன வகை என்று எழுதியிருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

ஆறு, வாய்க்கால், சாலை என்றிருந்தால் ஆட்சேபணையுள்ள புறம்போக்கு. அங்கே பட்டா கேட்டு அலைவது வீண், மாற்று இடத்துக்குத்தான் போராட வேண்டும். ஆட்சேபணையற்றது என்றால் வரன்முறை செய்யச் சொல்லி, அதாவது இருப்பவர் பெயருக்கே முறைப்படுத்தித் தரச் சொல்லிக் கேட்க வழி உண்டு. ஆற்றங்கரைச் சந்து என்பதாலேயே முழுச் சந்தும் ஆறு ஆகிவிடாது. ஒரு பக்கம் ஆறாகவும் எதிர்ப்பக்கம் வேறாகவும் இருக்கிற சந்தை நானே அளந்திருக்கிறேன்.

அரசு நிலத்தில் இருப்பவரை 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி எடுத்தால், முதலில் 7-ஆம் பிரிவில் விளக்கம் கேட்டு நோட்டீஸ், அதற்குப் பிறகே 6-ஆம் பிரிவில் அகற்றும் உத்தரவு. எண் முன்பின்னாகத்தான் இருக்கும், குழம்ப வேண்டாம். மேல்முறையீடும் உண்டு. பெட்டியில் பழைய பி மெமோ, அதாவது அரசு நிலத்தில் இருப்பதாக வருவாய்த் துறை கொடுத்த தாள், எதுவும் கிடக்கிறதா என்று பாருங்கள். அத்துமீறல் என்று எழுதியிருக்கிறதே என்று பயந்து பலர் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். அந்தத் தேதியில் நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்று அரசே கொடுத்த சாட்சி அது.

இரண்டாவது மாடி (பதில்)

ஏழு வருஷத்துக்கு முன் எங்கள் சுவரிலும் இதே சிவப்பு எண் விழுந்தது. இப்போது ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் இரண்டாவது மாடி. வீடு கிடைத்ததா என்றால் கிடைத்தது. ஓட்டு வீட்டில் மழைக்குச் சட்டி வைத்தவள்தான் நான், தலைக்கு மேல் கான்கிரீட் வந்ததை மறுக்க மாட்டேன்.

ஆனால் உங்கள் சித்திக்காக ஒன்று சொல்கிறேன் தம்பி. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அதனால் காசு பிரச்சினை இல்லை. நேரம்தான் பிரச்சினை. வேலைக்காரம்மா ஆறு மணிக்கு வர வேண்டும் என்பார்கள். எங்கள் பக்கம் இருந்து இரண்டு பஸ் மாறி ஆறு மணிக்கு யார் போய்ச் சேர முடியும்? நான் வேலை பார்த்த மூன்று வீடும் மூன்று மாதத்தில் போய்விட்டது. எங்கள் பிளாக்கில் பூ கட்டியவர், இட்லிக் கடை போட்டவர், எல்லாருக்கும் இதே கதை. பழைய வாடிக்கை இருந்த தெரு அங்கேயே இருக்கிறது, நாங்கள்தான் இல்லை. மேம்பாடு என்று எழுதும்போது இந்த மூன்று வீட்டுச் சம்பளத்தையும் செலவுக் கணக்கில் சேர்த்தார்களா என்று எனக்கும் தெரிய வேண்டும்.

அப்புறம் பட்டியல். இதுதான் முக்கியம். எங்கள் சந்தில் கதவை எண்ணினார்கள், குடும்பத்தை எண்ணவில்லை. ஒரே கதவுக்குள் அண்ணன் ஒரு அடுப்பு, தம்பி ஒரு அடுப்பு. ரேஷன் கார்டு ஒன்று. வீடு அண்ணனுக்கு ஒதுக்கினார்கள். தம்பி பெண்டாட்டி பிள்ளைகளோடு நாலு மாதம் ஒரு கல்யாண மண்டபத்தின் வெளித் திண்ணையில் படுத்தார். வாடகைக்கு இருந்தவர்களை யாரும் கேட்கக்கூட இல்லை. இடிப்பதற்கு முன்னால் பட்டியல் நகலைக் கையில் வாங்கிவிடுங்கள். ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வராமல் சாமானை ஏற்றாதீர்கள். பயனாளி பங்குத் தொகை என்று கேட்பார்கள், எவ்வளவு, எத்தனை தவணை என்று எழுத்தில் கேளுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடத்து டி.சி.யை அவசரப்பட்டு வாங்க வேண்டாம்.

ராத்திரி டூட்டி (பதில்)

வீடற்றோர் தங்குமிடம் ஒன்றில் வேலை செய்கிறேன். மேலே அக்கா சொன்ன திண்ணைக்குப் பிறகு எங்களிடம்தான் வருகிறார்கள். நகர்ப்புறத்தில் லட்சம் பேருக்கு 100 பேர் தங்குகிற அளவு இடம் இருக்க வேண்டும் என்பது விதி. 2011 கணக்கெடுப்பிலேயே மதுரை மாநகராட்சி 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அந்தக் கணக்கில் ஆயிரம் பேருக்குக் குறையாமல் படுக்க இடம் வேண்டும்.

ஆனால் எண்ணிக்கையைவிட எனக்கு உறுத்துவது வேறு. போன ஐப்பசி மழையில் ஒரு அம்மா மூன்று பிள்ளைகளோடு வந்தார். பெண்கள் பகுதியில் இடம் இருந்தது. மூத்த பையனுக்குப் பதினாலு வயது, அவனை அங்கே படுக்க வைக்க முடியாது. ஆண்கள் தங்கும் இடம் வேறு தெருவில். அந்த அம்மா பையனைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு மழையிலேயே பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பிவிட்டார். எங்கள் பதிவேட்டில் அன்றைக்கு "வந்தவர்கள்" கணக்கில் அவர்கள் ஏறவே இல்லை. இடித்த அலுவலகத்தின் கணக்கிலும் இல்லை.

பத்து ரூபாய் வில்லை (பதில்)

அண்ணே, தகவல் உரிமை மனு நான் நிறையப் போட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நாளைக் கவனியுங்கள். நோட்டீஸ் ஏழு நாள், தகவல் மனுவுக்குப் பதில் 30 நாள். தகவல் மனு வீட்டைக் காப்பாற்றாது. இன்றைக்கே நோட்டீஸுக்கு எழுத்தில் ஆட்சேபணை கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது. பெண் என்றால் வருமான வரம்பே கிடையாது, சித்தி நேரே போகலாம்.

சுப்ரீம் கோர்ட் 2024 நவம்பர் 13-இல் இடிப்புக்கு முன் 15 நாள் நோட்டீஸ் வேண்டும் என்று சொன்னதை எல்லாரும் வாட்ஸப்பில் அனுப்புவார்கள். அதே தீர்ப்பில் சாலை, நடைபாதை, ஆறு, நீர்நிலை இடங்களுக்கு அது பொருந்தாது என்றும் இருக்கிறது. அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அதனால்தான் ஐயா சொன்ன டி.எஸ்.எல்.ஆர். நகல் முக்கியம். 1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைப்பு என்பதும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. அப்போதும் 1976 கணக்கெடுப்பில் அட்டை பெற்றிருந்தவர்களுக்குத்தான் மாற்று இடம் என்று முடிந்தது. பட்டியலைப் பற்றி அக்கா சொன்னது எவ்வளவு சரி என்று பாருங்கள்.

சரி, பணத்துக்கு வருகிறேன். மதுரையில் ஒரே வேலைக்குப் பல பையில் இருந்து பணம் வரும். மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி மிஷன் பட்டியலில் மதுரை 2016 செப்டம்பரில் சேர்ந்தது. ஒரு நகரத்துக்கு மத்திய அரசு 500 கோடி வரை, அதே அளவு மாநிலமும் உள்ளாட்சியும் போட வேண்டும் என்பது ஏற்பாடு. செலவு செய்தது இதற்கென்று தொடங்கிய கம்பெனி, பாதிப் பங்கு மாநிலத்துக்கு, பாதி மாநகராட்சிக்கு. அந்த மிஷன் 2025 மார்ச் 31-இல் முடிந்தது. அது இல்லாமல் மத்திய அரசின் அம்ருத், மாநில அரசின் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், துறைகளின் சொந்த நிதி. வீடு ஒதுக்குவது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், 2021 வரை குடிசை மாற்று வாரியம் என்று இருந்ததுதான். பணம் ஒருவர், இடிப்பது ஒருவர், வீடு கொடுப்பது ஒருவர். மூன்று பேரும் மற்ற இருவரைக் கை காட்டலாம் என்பதுதான் இதில் உள்ள பெரிய ஓட்டை. என் அனுபவத்தில் ஒவ்வொரு முறையும் மனிதர்கள் அந்த ஓட்டை வழியாகத்தான் விழுகிறார்கள்.

அதனால் மனு ஒன்று போதாது, மூன்று இடத்துக்கும் அனுப்புங்கள். தவறான அலுவலகம் என்றால் ஐந்து நாளுக்குள் அவர்களே உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும், தகவல் உரிமைச் சட்டம் 6(3) பிரிவு. கம்பெனி என்று சொல்லித் தப்பிக்க முடியாது, அரசுப் பணத்தில் நடப்பதால் சட்டம் அதற்கும் உண்டு. மிஷன் முடிந்துவிட்டது என்பதும் பதில் ஆகாது, கோப்பு இருக்கிறது.

"ஏன் இடிக்கிறீர்கள்" என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: விரிவான திட்ட அறிக்கையில் மறுகுடியமர்வு பற்றிய பக்கங்கள், நிர்வாக அனுமதி ஆணை, மதிப்பீட்டின் சுருக்கப் பக்கம், பாதிக்கப்படும் குடும்பங்களின் பட்டியல், அந்தப் பட்டியலை எடுத்த தேதி. ஒரு வரி கூட இல்லை என்றால் "மறுகுடியமர்வுக்கு ஒதுக்கீடு ஏதும் இல்லை" என்று எழுத்தில் பதில் வரட்டும். கோர்ட்டில் வக்கீல் கையில் அந்த ஒரு தாள் பெரிய ஆயுதம். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் இல்லையா, அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

திங்கட்கிழமை ஜெராக்ஸ்

எல்லாருக்கும் நன்றி. பதினோரு நாள் கழித்து எழுதுகிறேன்.

நோட்டீஸுக்கு ஆட்சேபணை ஐந்தாம் நாளே கொடுத்து முத்திரை வாங்கிவிட்டோம். சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீலம்மாவைப் போட்டுக் கொடுத்தார்கள். இதுவரை இடிக்க யாரும் வரவில்லை. சித்தியின் டிரங்குப் பெட்டியில் மஞ்சப் பைக்குள் வீட்டு வரி ரசீதுகளோடு பி மெமோ ஒன்று மடிப்பு விட்டுப் போய்க் கிடந்தது. 1998-ஆம் வருஷத்தது. சித்தப்பா எடுத்து வைத்திருக்கிறார். பின்பக்கம் செங்கல் கணக்கு எழுதியிருந்தது.

அக்கா சொன்னதைக் கேட்டு, இரண்டு சாயங்காலம் நானும் சந்துப் பையன்கள் இரண்டு பேரும் வீடு வீடாகப் போனோம். சுவரில் சிவப்பு எண் 43. அடுப்பை எண்ணினால் 61. பதினெட்டுக் குடும்பம் அவர்கள் கணக்கில் இல்லை. சித்தி வீட்டிலேயே பின்னறையில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன், சென்டரிங் வேலை, மனைவி, கைக்குழந்தை. மாதம் ஆயிரத்து ஐந்நூறு வாடகை. அவர்கள் பெயரைச் சேர்த்தால் சித்திக்கு ஒதுக்குகிற வீட்டுக்குச் சிக்கல் வருமோ என்று எனக்குப் பயம். அதைச் சொன்னேன். சித்தி அடுப்பில் இருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, "அவங்க பேரையும் எழுது" என்றார். எழுதினேன். 61 பெயரும் மனுவோடு இணைப்பாகப் போயிருக்கிறது.

தகவல் மனு மூன்று இடத்துக்கும் ஸ்பீடு போஸ்டில் அனுப்பியாயிற்று. கடையில் ஒரு மாதிரி மனு வைத்திருக்கிறேன், ஆற்றங்கரை, கண்மாய்க்கரை என்று யார் வந்தாலும் இனிமேல் அதையே அடித்துக் கொடுப்பேன், அதற்குக் காசு வாங்குவதில்லை.

நில அளவை ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். டி.எஸ்.எல்.ஆர். நகலும் பிளாக் வரைபடமும் கிடைத்துவிட்டன. நீங்கள் சொன்ன மாதிரியே சந்து இரண்டு எண்ணில் இருக்கிறது. 1 முதல் 19 வரை உள்ள வீடுகள் ஆறு என்று போட்ட எண்ணில். மற்றவை "சர்க்கார் புறம்போக்கு" என்று மட்டும் இருக்கிற எண்ணில். கோடு சரியாக 20-ஆம் எண் வீட்டுக்கு நடுவே போகிறது. அந்த வீட்டில் ஒரு மாற்றுத்திறனாளிப் பெண்ணும் அவர் அம்மாவும் இருக்கிறார்கள். அவர்களை எந்தப் பக்கத்தில் எழுதச் சொல்லிக் கேட்பது, ஐயா?