மறு: 'லாவ்ச்செங் லியெந்தா' – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். 'லாவ்ச்செங் லியெந்தா' என்பது, அனுபவத்தால் முதிர்ந்து மனிதர்களோடு பழகுவதில் தேர்ந்திருப்பதைச் சொல்லும் நாலெழுத்துச் சீனத் தொடர். இதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாக நீங்கள் முன்வைத்தவற்றைப் பற்றி என் கருத்து இது.

> "பழம் தின்று கொட்டை போட்டவர்" என்றே வைக்கலாமே. சீனத்தில் நாலு எழுத்து, நம்மிடம் நாலு சொல்!

ஐயா, கேட்டதும் எனக்கும் பிடித்தது. ஆனால் ஒருவரை அப்படிச் சொன்னால் பாதி மெச்சல், பாதி 'அவரிடம் பார்த்து நடந்துகொள்'. அந்த வாடைக்குச் சீனத்தில் வேறு தொடரே இருக்கிறது: 'லாவ் யூ ஷிகு'. நெளிவுசுளிவு தெரிந்தவர், லேசில் பிடிகொடுக்காதவர். பழம் தின்றவரை அதற்கு நேராகப் போடலாம். 'லாவ்ச்செங் லியெந்தா' முழுக்கப் பாராட்டு.

> என் பரிந்துரை: மூதறிவு

அம்மா, 'லாவ்ச்செங்' என்ற முதல் பாதிக்கு இது அழகாகப் பொருந்துகிறது. சீனத்தின் பழைய கவிதைத் திரட்டிலேயே, 'முதிர்ந்த பெரியோர் இல்லாவிட்டாலும் பழைய சட்டதிட்டங்களாவது இருக்கின்றனவே' என்று பழைய ஷாங் வம்ச அரசனை இடித்துரைக்கும் இடத்தில் அந்தச் சொல் வருகிறது. குறள் 441இன் 'மூத்த அறிவுடையார்' அப்படியே அவர்கள்தான். சிக்கல் எங்கே என்றால், 'ஷாவ்நியென் லாவ்ச்செங்' என்று இளைஞரையும் புகழ்வார்கள். சின்ன வயது, நிதானம் மட்டும் பெரியவருடையது. இருபத்தைந்து வயதுக்காரரை மூதறிவாளர் என்றால் ஒட்டாது. தவிர, மூதறிஞர் என்றாலே நமக்குப் படிப்பாளிதான் நினைவுக்கு வருகிறார். 'லியெந்தா' என்ற இரண்டாம் பாதி பேசுவது ஏட்டுப் படிப்பை அல்ல, மனிதர்களோடு பழகித் தேர்வதை. 18ஆம் நூற்றாண்டு நாவலான 'சிவப்பு மாளிகைக் கனவி'ன் 5ஆம் அத்தியாயத்தில், சிறுவன் பாவ்யூவுக்குப் பகல் தூக்கத்துக்கு ஒரு அறை காட்டுகிறார்கள். 'உலக நடப்பைத் தெளியக் கண்டால் அதுவே கல்வி, மனித உறவில் தேர்ந்தால் அதுவே எழுத்து' என்ற ஈரடி அங்கே தொங்குகிறது. அவன் அதைப் பார்த்ததும் அந்த அறையில் இருக்கவே மாட்டேன் என்கிறான். அவனை விரட்டிய அந்த 'மனித உறவில் தேர்தல்'தான் லியெந்தா.

'லியென்' என்பதன் பழைய பொருள் கச்சாப் பட்டு நூலைப் பதப்படுத்துவது. சாம்பல் கரைத்த நீரில் ஊறவைப்பார்கள், கொதிக்கவைப்பார்கள். இழைமேல் படிந்த பசை கரைந்து, விறைப்பாக இருந்த நூல் வெளுத்து மெத்தென்று ஆகும். 'தா' என்றால் தடையில்லாமல் போய்ச் சேர்வது.

இதை மனதில் வைத்து முதலில் 'பதமுதிர்வு' என்று யோசித்தேன். ஆனால் பதம் + உதிர்வு என்றும் பிரியும், கலைச்சொல்லுக்கு அது ஆகாது. ஆகவே என் பரிந்துரை: பட்டுமுதிர்வு. பட்டறிவில் உள்ள அதே 'பட்டு'. 'பட்டால்தான் தெரியும்' என்று தினமும் சொல்கிறோமே, அதுவும் இதுதான். வயதைக் கட்டாயமாக்கவில்லை, கள்ளத்தனத்தின் சாயலும் இல்லை. நெசவுப் பட்டும் காதில் விழுவதை நான் குறையாக நினைக்கவில்லை.

வாக்கியத்தில் இப்படி வரும்: 'பேச்சுவார்த்தைக்குப் பட்டுமுதிர்ந்த ஒருவரை அனுப்புங்கள்', 'முப்பது வயதுக்குள் இவ்வளவு பட்டுமுதிர்வா!'

சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் கருத்து. பிரித்தால் 'பட்டு' துணிக்கடைக்குப் போய்விடும். இலக்கணம் தெரிந்தவர்கள் இந்தப் புணர்ச்சியைப் பார்த்துச் சொல்லுங்கள், அப்புறம் நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றலாம்.