புதுப்பிப்பு: குடும்பத்துக்கு எந்தச் செடான்? முடிவெடுத்துவிட்டோம்

ஹோண்டா சிட்டி, ஸ்கோடா ஸ்லாவியா, ஹூண்டாய் வெர்னா என்ற மூன்று செடான் (பின்னால் தனி டிக்கி உள்ள) கார்களில் குடும்பத்துக்கு எது ஏற்றது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. சிட்டியை எடுத்துவிட்டோம்.

ஓட்டுவதற்கு ஸ்லாவியாதான் ராஜா. கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரியைத் தாண்டும்போது துளிகூட அலையவில்லை. தரை இடைவெளி 179 மி.மீ.; சிட்டிக்கு 165தான். முத்தியால்பேட்டை வேகத்தடைகளில் அது தெரிகிறது. வெர்னாவின் டிக்கி 528 லிட்டர், தாராளம். ஆனால் கூரை பின்னால் சரிவதால் உயரமான தம்பிக்குத் தலை இடித்தது.

அப்பாவுக்கு மூட்டு வலி. சிட்டியின் பின் இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்து வந்தவர், மஞ்சக்குப்பத்தில் யார் கையையும் பிடிக்காமல் இறங்கினார். அங்கேயே முடிவாகிவிட்டது.

பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள சிட்டி ஹைப்ரிட்டின் மைலேஜ் ஆசை காட்டியது. ஆனால் விலையும் கூடுதல், பேட்டரியால் டிக்கியும் சுருங்குகிறது. பெட்ரோல் மாடலையே எடுத்தோம்.