பழைய குவாலிஸ் உயரத்தைக் குறைச்ச அனுபவம்: வீட்டு வண்டி வச்சிருக்கவங்களுக்கு

பொள்ளாச்சியிலிருந்து (2004 குவாலிஸ்):

அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். நடுசீட்ல ஏறணும்னா ஒரு கையில கம்பியைப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையை யாராவது தாங்கணும். ஃபுட்போர்டு போட்டும் சிரமம் தீரல. அப்பா வாங்கின வண்டியை வித்துட்டு வேற எடுக்க வீட்ல யாருக்கும் மனசு வரல. அதனாலதான் உயரத்தைக் கொஞ்சம் இறக்கலாம்னு முடிவு பண்ணினோம். எங்க பக்கம் குவாலிஸைத் தரையோட தரையா இறக்கி, அகலமான அலாய் போட்டு ஓட்டுற பசங்க நிறைய பேரு. அவங்க தேவை வேற, நம்ம தேவை வேற. ஆள் நிறைய ஏத்திக்கிட்டு ஊர் போற வண்டிக்கு என்ன பண்ணலாம்ங்கறதை மட்டும் எழுதறேன்.

குவாலிஸ் பாக்கத்தான் கார். அடியில குனிஞ்சு பார்த்தா லோடு வண்டியோட சேஸிஸ். இந்தோனேசியாவுல ஓடின கிஜாங்ங்கற டொயோட்டா வண்டிதான் இதுக்கு மூலம். இங்க 2000ல வந்து, 2005ல இன்னோவா வந்தப்ப நின்னு போச்சு. முன்னாடி டார்ஷன் பார் (முறுக்கிக்கிட்டு ஸ்பிரிங் வேலை செய்யற எஃகுக் கம்பி), பின்னாடி அடுக்கா வச்ச லீஃப் பட்டை. ரெண்டையும் இறக்கற விதம் வேற வேற.

முன்பக்கம் செலவே இல்லாத வேலைன்னு சொல்லுவாங்க. டார்ஷன் பாரோட பின்முனையில ஒரு ஆங்கர் ஆர்ம், அதுல ஒரு நீளமான போல்ட்டு, நட்டு. நட்டைத் தளர்த்தினா வண்டி இறங்கும், அவ்வளவுதான். எங்க மெக்கானிக் அண்ணன் அதுக்கே அரை நாள் எடுத்துக்கிட்டாரு. முதல்ல மரையில டீசல் ஊத்தி ஊற வச்சாரு, அப்புறம் ஒயர் பிரஷ்ல துருவைத் தேய்ச்சாரு. நட்டுக்கு வெளிய எவ்வளவு மரை தெரியுதுன்னு ரெண்டு பக்கமும் வெர்னியர்ல அளந்து, பட்டறைச் சுவத்துல சாக்பீஸ்ல எழுதி வச்சாரு. ரெண்டு பக்கமும் ஒரே அளவு இல்ல. இத்தனை வருஷ ஓட்டத்துல டிரைவர் பக்கம் தனியா தொங்கியிருந்தது. அந்த அளவை எழுதி வைக்காம கை வச்சிருந்தா, பழைய நிலைக்குக் கொண்டு வரணும்னு நெனச்சாலும் முடிஞ்சிருக்காது. ஜாக்கி போட்டு சக்கரத்தைத் தொங்க விட்டுட்டுத்தான் நட்டைத் தொடணும்ங்கறதையும் அழுத்தமா சொன்னாரு. பார் முறுக்கேறி நிக்கும்போது திருகினா மரை உரிஞ்சு போகும்.

இங்க பலரும் நம்பற ஒரு விஷயம் தப்பு. பாரைத் தளர்த்தினா சஸ்பென்ஷன் மெத்துனு ஆயிடும்னு சொல்றாங்க. ஆகாது. பாரோட விறைப்பு அதோட தடிமனையும் நீளத்தையும் பொறுத்தது, நட்டு அதை மாத்தாது. சக்கரம் எந்த உயரத்துல நிக்கணும்ங்கறதை மட்டும்தான் நட்டு மாத்துது. இறக்க இறக்க சக்கரம் மேல எழும்பறதுக்கான இடம் குறையும், பள்ளத்துல விழுந்தா சக்கரத்தைத் தாங்கற ஆர்ம் நேரா பம்ப் ஸ்டாப்ங்கற தடுப்பு ரப்பர்ல போய் இடிக்கும். அதனால வண்டி முன்னைவிட முரடாத்தான் தெரியும்.

நான் முக்கியமா சொல்ல வந்ததே இதுதான்: காலி வண்டியை அளந்து முடிவு பண்ணாதீங்க. பட்டறையில நிக்கும்போது எல்லாம் அழகா இருக்கும். நாங்க சித்தப்பா, சித்தி, பிள்ளைங்க எல்லாரையும் வரச்சொல்லி உக்கார வச்சு, பின்னாடி பைகளையும் வச்சு, அப்புறம்தான் பம்ப் ஸ்டாப்புக்கும் ஆர்முக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு பார்த்தோம். ரப்பர் மேல கொஞ்சம் களிமண் அப்பிட்டு, அப்படியே ஊருக்குள்ள இருக்கற வேகத்தடை மேல மெதுவா ஏத்தி இறக்கினோம். களிமண் நசுங்கியிருந்தா இடிச்சிருக்குன்னு அர்த்தம். முதல் தடவை நல்லா நசுங்கிருச்சு. உடனே நட்டைத் திரும்ப இறுக்கி, கொஞ்சம் ஏத்தி நிறுத்தினாரு அண்ணன். கடைசியில கிடைச்சது ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல. பார்வைக்குப் பெருசா ஒண்ணும் தெரியாது. கால் எடுத்து வைக்கறவங்களுக்குத் தெரியும்.

வேகத்தடைக்குன்னு இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்ற அளவு 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். அந்த அளவுல போட்டிருந்தா இறக்கின வண்டியும் தாராளமா போகும். நம்ம ஊர்ல பாதிக்குப் பாதி சிமெண்டைக் கொட்டி வரப்பு மாதிரி போட்டதுதான். உங்க வீட்டைச் சுத்தி இருக்கறதைப் பார்த்துட்டு உயரத்தை முடிவு பண்ணுங்க.

இறக்கினதும் முன் சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாயும், டோவும் (சக்கரம் நேரா முன்னாடி பார்க்கற கோணம்) மாறும். அலைன்மென்ட் பண்ணாம ஓட்டினா டயரோட உள்விளிம்பு வழுக்கையாயிடும். ஹெட்லைட்டையும் சுவத்துல அடிச்சுப் பார்த்து சரி பண்ணிக்கங்க. அதுக்கப்புறம் ஆழியாறு வழியா வால்பாறை போனோம், நாப்பது கொண்டை ஊசி வளைவு, வண்டி நிறைய ஆள். எங்கயும் இடிக்கல. வளைவுல சாயறது மட்டும் முன்னைவிடக் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்தது.

சட்டத்தையும் சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, கம்பெனி குறிப்பிட்டதுக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியிருக்கு. அதே வருஷத் திருத்தத்துக்கு அப்புறம் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாசம் வரை சிறையோ போட முடியும். டார்ஷன் பார் நட்டு உயரம் சரிபண்ணக் கம்பெனியே வச்ச இடம், அதனாலதான் முன்பக்கம் அதோட நிறுத்திக்கிட்டோம். சேஸிஸை வெட்டறது, வெல்டு வைக்கறது பக்கமே போகாதீங்க. 15 வருஷம் தாண்டின வண்டி அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. முன்னாடி நிக்கணும்.

பின்பக்கத்தைப் பத்தி என்னைவிட விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க.

ஈரோட்டிலிருந்து (பட்டறைத் தொழில்):

வணக்கம் சார். களிமண் வச்சுப் பார்த்தது சரியான முறை. பின்பக்கம் பத்தி நான் சொல்றேன்.

முதல்ல கீழே படுத்து, பட்டை ஆக்சிலுக்கு மேல இருக்கா கீழ இருக்கான்னு பாருங்க. கீழ இருந்தா, ரெண்டுக்கும் நடுவுல பிளாக் வச்சா வண்டி இறங்கும். மேல இருந்தா அதே பிளாக் வண்டியைத் தூக்கிடும். இது தெரியாம பிளாக் வாங்கிட்டு வர்றவங்க உண்டு. பிளாக்ல ஒரு பக்கம் முளை, ஒரு பக்கம் குழி இருக்கணும், பட்டைகளைச் சேர்த்துப் புடிக்கற சென்டர் போல்ட் தலை அந்தக் குழியில உக்காரணும். இல்லாட்டி பிரேக் புடிக்கும்போது ஆக்சில் நகர்ந்துரும். ஆக்சிலையும் பட்டையையும் சேர்த்துக் கட்டற யூ போல்ட்டைக் கழட்டினா புதுசுதான் போடணும், பழசு இழுபட்டுப் போயிருக்கும். கொஞ்ச நாள் ஓடினதும் மறுபடி வந்து இறுக்கிக்கணும்.

பட்டையை உருவி இறக்கற வேலையை மட்டும் நான் செய்யறதில்ல. வேற எங்கயோ ரெண்டு பட்டை உருவின வண்டி ஒண்ணு என்கிட்ட வந்தது. கல்யாணத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போயிருக்காங்க. மிச்சம் இருந்த பட்டை வளைவே இல்லாம நிமிர்ந்து, ஷாக் அப்சார்பர் ரெண்டும் எண்ணெய் கக்கி, டயர் உள்பக்கத் தகட்டுல உரசி ரப்பர் நார் நாரா தொங்குது. ஓட்டிட்டு வந்த தம்பி, "அண்ணா, ரோட்டுல எதுவோ கருகற வாசம் வந்துது"ன்னு மட்டும் சொன்னாரு. உள்ளே குழந்தைங்க உக்காந்திருந்தாங்க சார். நினைச்சா இப்பவும் பதறுது.

இன்னொண்ணு. லோடு வண்டி வழியில வந்த டொயோட்டாவுல பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல ஒரு கம்பியோட எல்.எஸ்.பி.வி. வால்வு இருக்கும். லோடு ஏறி சேஸிஸ் கீழ வந்தா, பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். நீங்க சேஸிஸை நிரந்தரமா இறக்கிட்டா, காலி வண்டியையும் லோடு வண்டின்னு அது எடுத்துக்கும். மழை ரோட்டுல பிரேக் அடிச்சா பின் சக்கரம் பூட்டி, வண்டி சுத்தும். பிளாக் வச்ச அன்னிக்கே அந்தக் கம்பி அளவை சரி பண்ணியாகணும்.

டாலஸிலிருந்து (1999 சபர்பன் 2500):

ஈரோட்டு அண்ணன் சொன்னது இங்கேயும் அப்படியே பொருந்துகிறது. என்னுடையது செவர்லேயின் பெரிய குடும்ப வண்டி, இரு சக்கர இயக்கம் உள்ளது, முக்கால் டன் என்று அழைக்கப்படும் வகை, சக்கரத்துக்கு எட்டு போல்ட், மொத்த எடை வரம்பு 8,600 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 3,900 கிலோ. 1500 மாடலுக்கு இறக்கும் சாமான்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. 2500க்கு ஹப்பும் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) பிரேக்கும் பெரியவை என்பதால் 1500க்கான டிராப் ஸ்பிண்டில் (ஹப்பை உயர்த்தி வைத்து வண்டியை இறக்கும் பாகம்) உட்காராது. எட்டு போல்ட்டுக்கென்றே செய்ததைத் தேடித்தான் வாங்கினேன். ஸ்பிரிங்கை வெட்டாமல் டிராப் ஸ்பிண்டில் போட்டதில் எனக்கு மிகுந்த நிம்மதி. ஹப் இரண்டு அங்குலம் மேலே போகிறது, ஸ்பிரிங்கும் ஆர்ம் கோணமும் இருந்தபடியே இருக்கின்றன, சக்கரம் எழும்பும் இடமும் குறைவதில்லை.

பின்னால் ஆக்சிலைப் பட்டைக்கு மேலே மாற்றினால் ஆறு அங்குலம் வரை இறங்கும். ஆனால் ஆக்சில் இடிக்காமலிருக்க சேஸிஸில் வளைவாக வெட்டி, பலகை வைத்து பலப்படுத்த வேண்டும். டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு அது வேண்டாம் என்று பட்டையின் முனைகளை சேஸிஸோடு பிணைக்கும் ஹேங்கரும் ஷாக்கிளும் மாற்றி இரண்டு அங்குலத்தோடு நின்றேன். டிரெய்லர் மாட்டி, தண்ணீர்த் தொட்டியெல்லாம் நிரப்பி அளந்த பிறகுதான் அந்த இரண்டு அங்குலம் முடிவானது.

பொள்ளாச்சியிலிருந்து:

ரெண்டு பேருக்கும் நன்றி. எல்.எஸ்.பி.வி. விஷயத்தை எங்க மெக்கானிக் அண்ணன்கிட்ட காட்டிட்டுத்தான் பின்பக்கம் கை வைக்கப் போறேன். தனியா ஒருத்தர், சின்ன டயர் போட்டா போதாதான்னு கேட்டிருந்தார். டயர் விட்டம் ரெண்டு அங்குலம் குறைஞ்சா வண்டி ஒரு அங்குலம்தான் இறங்கும். கூடவே பின் ஆக்சில் நடுவுல இருக்கற டிஃபரன்ஷியல் உருண்டையும் தரைக்குக் கிட்ட வந்துடும், ஸ்பீடோமீட்டரும் உள்ளதைவிட அதிகமா காட்டும். பட்டையில இறக்கும்போது ஆக்சில் இருந்த உயரத்துலயே இருக்கும். அப்படியும் டயர்தான் மாத்தறதுன்னா, பக்கவாட்டுல இருக்கற லோடு இண்டெக்ஸ் (டயர் எவ்வளவு எடை தாங்கும்னு சொல்ற எண்) பழைய டயரைவிடக் குறையாததா பார்த்து எடுங்க.