வாசல் நிலையில் 'பிரபவ வருடம்': பழைய வீட்டைப் பழுதுபார்க்கும்போது எவற்றைப் பதிவு செய்ய வேண்டும்?

பள்ளத்தூர் வீடு:
வணக்கம். பள்ளத்தூரில் எங்கள் ஐயா காலத்து ஓட்டு வீட்டைப் பழுதுபார்க்கிறோம். அரண்மனை போன்ற வீடு அன்று. முகப்புத் திண்ணை, மரத்தூண் வைத்த வளவு (உள்முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), பின்கட்டில் அடுப்படி, அவ்வளவே. நிலையில் கஜலட்சுமிக்குக் கீழே 'பிரபவ வருடம் தை மாதம்' என்று செதுக்கியிருக்கிறது. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெயர் என்பதால் அது 1868ஆ, 1928ஆ என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பாகப்பிரிவினையின்போது வளவின் குறுக்கே எழுப்பிய சுவரையும், பொரிந்துபோன பூச்சையும் கொத்தனார் அடுத்த வாரம் எடுக்கவிருக்கிறார். வளவின் ஓரிடத்தில் மரத்துக்குப் பதிலாக இரும்பு உத்திரம் போட்டிருக்கிறார்கள். வேலை தொடங்கும் முன் எவற்றைப் பதிவு செய்ய வேண்டும்?

காரைக்குடி பொறியாளர்:
அந்த உத்திரத்தின் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். ஆலையின் பெயர் பெரும்பாலும் பக்கவாட்டில் புடைப்பெழுத்தில் இருக்கும். டாட்டா ஆலை எஃகு வார்க்கத் தொடங்கியதே 1912இல்தான் என்பதால், அந்தப் பெயர் இருந்தால் உத்திரம் 1868இல் வந்திருக்க முடியாது. ஆனால் அது உத்திரத்தின் காலமே தவிர வீட்டின் காலம் அன்று. சுவரில் உத்திரம் உட்காரும் இடத்தைக் கவனியுங்கள்: சுற்றிலும் பழைய சுண்ணாம்புக் காரையே இருந்தால் அது கட்டும்போதே வைத்தது, சுவரை வெட்டிச் சிமெண்டால் அடைத்திருந்தால் பின்னால் செருகியது. நிலையையும் இப்படியே சோதிக்க வேண்டும், ஏனெனில் நம் பகுதியில் நிலையும் கதவும் விலைக்குப் போய் வேறு வீடுகளில் ஏறுவது வழக்கம்.

கொத்தனார் குடும்பம்:
பூச்சைக் கொத்துவதற்கு முன் ஒவ்வோர் அறையிலும் ஒரு சாண் அகலத்துக்கு, கூரிய கத்தியால் ஒவ்வொரு அடுக்காகப் படிப்படியாகச் சுரண்டி, அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். மேலே டிஸ்டெம்பர், அதற்கடியில் நீலம் கலந்த வெள்ளை, கடைசியில் கல்லால் தேய்த்து மெருகேற்றிய பூச்சு என்று சுவரே தன் வரிசையைக் காட்டும். கதவுக்குப் பின்னால் ஒரு துண்டுப் பூச்சை அப்படியே விட்டுவிடுங்கள், புதிய பூச்சுக்கு அதுதான் மாதிரி. தயவுசெய்து சுவர்மேல் சிமெண்ட் பூசாதீர்கள். சுண்ணாம்புச் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி உப்புப் பூக்கும்.

குறுக்குச் சுவரை வேண்டாத சுவர் என்று உடனே இடித்துவிட வேண்டாம். அதன் செங்கல் அளவையும், அது பெரிய சுவரோடு சேரும் மூலையையும் குறித்துக்கொள்ளுங்கள். மெருகுப் பூச்சு அதற்குப் பின்னாலும் தொடர்கிறதா, ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூவேலை அதன் அடியில் புகுந்து மறுபுறம் வருகிறதா என்பவை இடிக்கும்போது மட்டுமே தெரிபவை. அன்று கேமராவோடு நீங்களே நிற்க வேண்டும். ஒரு குடும்பம் இரண்டாகி வாழ்ந்ததற்கு அந்த வீட்டில் உள்ள சாட்சி அது.

கோட்டையூர் வாசகர்:
பத்திரங்களை யாரும் சொல்லவில்லை. பழைய கிரயப் பத்திரத்தில் நான்கெல்லையோடு 'காலி மனை' என்றோ 'ஓட்டு வீடு' என்றோ எழுதியிருப்பார்கள். காலி மனை ஓட்டு வீடாக மாறும் இரண்டு பத்திரங்களுக்கு இடையில்தான் வீடு எழுந்திருக்கிறது. பாகப் பத்திரத்தில் சுவர் எந்தத் தூணிலிருந்து எந்தத் தூண் வரை என்பதுகூட இருக்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேளுங்கள். பெட்டகத்தில் வீடு கட்டிய கணக்கேடு கிடந்தால் கழிவுத்தாளோடு போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தூர் வீடு:
அனைவருக்கும் நன்றி. உத்திரத்தில் டாட்டாவின் பெயர் இருக்கிறது, ஆனால் அதன் முனைகளைச் சிமெண்டால் அடைத்திருக்கிறார்கள். ஆகவே நிலையின் ஆண்டு இன்னும் முடிவாகவில்லை. பத்திர நகலுக்கு மனுக் கொடுத்திருக்கிறேன். சுவரை அளந்து வரைந்து முடிக்கும்வரை கொத்தனார் ஓடு மாற்றும் வேலையைப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார்.